பூனைக்கு வந்த நோய்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் செத்த ஒரு சயாமியப் பூனை 1990 மே மாதம் நாடு முழுவதும் செய்தியானது. மேக்ஸ் என்று அதற்குப் பெயர். அதன் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது பஞ்சுபோலப் பொத்தல் விழுந்திருந்தது. அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் சில ஆண்டுகளாக மாடுகளின் மூளையில் பார்த்துவந்த அதே பொத்தல்கள். பூனைக்கு இப்படியொரு நோய் வந்ததாக அதற்கு முன் எங்கும் பதிவில்லை.

அதே மாதம் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், புகைப்படக்காரர்கள் சூழ்ந்து நிற்க, தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். பிரிட்டனின் மாட்டிறைச்சி பத்திரமானது என்று நாட்டுக்குச் சொல்ல விரும்பினார். பின்னாளில் அந்தப் படம் எத்தனையோ முறை ஏளனத்துக்கு ஆளானது. அந்த ஏளனத்தில் சேர எனக்கு மனம் வரவில்லை. தான் நம்பாத ஒன்றைத் தன் குழந்தைக்கு எந்தத் தகப்பனும் ஊட்டமாட்டான். அவர் நம்பினார். அவருக்கு ஆலோசனை சொன்னவர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தாங்கி நின்ற தர்க்கம் பார்வைக்கு நேர்த்தியாகவும் இருந்தது. அதைத்தான் இங்கே நிதானமாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அந்தத் தர்க்கம் இன்னும் வழக்கொழியவில்லை.

ஐரோப்பியச் செம்மறி ஆடுகளுக்கு ஸ்கிரேபி என்றொரு நோய் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே மேய்ப்பர்கள் அதை அறிவார்கள். நோய் கண்ட ஆடு வேலியிலும் மரத்திலும் ஓயாமல் உடம்பை உரசும். கம்பளி உதிர்ந்து தோல் புண்ணாகும். பின்னங்கால்கள் தடுமாறும். மெலிந்து, நடுங்கி, விழுந்து சாகும். இருநூற்றைம்பது ஆண்டுகளாக அந்த மந்தைகளின் இறைச்சியை மக்கள் உண்டுவந்தார்கள். அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக ஒரு தடயமும் கிடைக்கவில்லை. 1986இல் வெய்பிரிட்ஜில் இருந்த மத்திய கால்நடை ஆய்வகம் மாட்டின் மூளையில் ஸ்கிரேபியை ஒத்த சிதைவைக் கண்டது. ஜான் வைல்ஸ்மித் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர் பண்ணை பண்ணையாகத் தகவல் திரட்டினார். நோயுற்ற மாடுகளுக்குப் பொதுவாக இருந்தது தீவனம். அறுப்புக்கூடங்களில் கழித்துப்போட்ட தலை, குடல், முதுகெலும்பு, பண்ணைகளில் தானாகச் செத்த விலங்குகள் ஆகியவற்றைக் காய்ச்சிக் கொழுப்பை வடித்தெடுத்தபின் எஞ்சியதை அரைத்தால் கிடைப்பது இறைச்சி எலும்புத் தூள். பசு கூடுதலாகப் பால் தரவும் கன்று விரைவாக வளரவும் அதைத் தீவனத்தில் கலந்தார்கள். புல் தின்னப் பிறந்த விலங்கு, தனக்குத் தெரியாமலே ஆட்டையும் மாட்டையும் தின்று வளர்ந்தது.

தர்க்கம் இப்படி ஓடியது. ஆட்டின் ஸ்கிரேபி தீவனம் வழியாக மாட்டுக்கு வந்துவிட்டது. ஸ்கிரேபி மனிதரைத் தொட்டதில்லை. ஆகவே மாட்டின் நோயும் மனிதரைத் தொடாது. விலங்கியல் அறிஞர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையிலான குழு 1989 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, மனித உடல்நலத்துக்குப் பாதிப்பு வருவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றது. தங்கள் கணிப்பு பிழையானால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. முதலில் சொன்னதை அமைச்சர்களும் இறைச்சி வணிகர்களும் ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டினார்கள். பின்னால் சொன்ன எச்சரிக்கையை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மேக்ஸின் சாவு இந்தத் தர்க்கத்தின் நடுக்கண்ணியை உடைத்தது. ஸ்கிரேபி வீட்டுப் பூனை எதையும் தொட்டதாகத் தெரியாது. பூனையைத் தொட்டுவிட்ட ஒன்று ஸ்கிரேபியைப் போலவே நடந்துகொள்ளும் என்று இனி எந்த ஆதாரத்தில் சொல்வது? ஆட்டிலிருந்து வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், மாட்டின் உடலுக்குள் போய் வெளியே வந்தபோது அது முன்பு எட்டாத இடங்களை எட்டும் வலுவோடு வந்திருந்தது. அடுத்த ஆண்டுகளில் பிரிட்டனில் ஏறத்தாழ 90 வீட்டுப் பூனைகள் இந்த நோயால் இறந்தன. விலங்குக் காட்சிசாலைகளில் சிவிங்கிப்புலி, பூமா, ஓசெலட், புலி ஆகியவற்றுக்கும் வந்தது. நியாலா, கூடு, எலாண்டு, அரேபிய ஓரிக்ஸ் என்று ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் சேர்ந்த இரலைகள் ஆங்கிலேயக் குளிரில், ஆங்கிலேய மாட்டின் நோயால் செத்தன. நாய்களும் அதே நாட்டில் அதே கழிவு இறைச்சியைத் தின்றுதான் வளர்ந்தன. அவற்றுக்கு வரவில்லை. பூனைக்கு வந்து நாய்க்கு வராத இந்த வேறுபாட்டுக்குள்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது.

நோயைத் தருவது என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1936இல் குய்யே, ஷெல் என்ற இரண்டு பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர்கள் நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நல்ல ஆட்டுக்குச் செலுத்தி, ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து, ஸ்கிரேபி தொற்றக்கூடியது என்று நிறுவினார்கள். வெள்ளாட்டுக்கும் அது தாவும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் காட்டினார்கள். அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் உண்ணி பரப்பும் வேறொரு நோய்க்கு ஆட்டு மூளையிலிருந்து தடுப்பூசி செய்தார்கள். ஃபார்மலின் இட்டுக் கிருமி நீக்கிய மருந்து. அந்தத் தொகுதிகளில் ஒன்று, ஊசி போட்ட மந்தைகளுக்கு ஸ்கிரேபியைக் கொடுத்தது. ஃபார்மலினுக்கு அது மசியவில்லை. 1960களில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கதிரியல் அறிஞர் திக்வா ஆல்பர் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார். மரபணுப் பொருளைச் சிதைக்கும் அளவுக்குப் புறஊதாக் கதிர் பாய்ச்சிய பின்னும் ஸ்கிரேபியின் தொற்றும் திறன் குறையவில்லை. அப்படியென்றால் அதற்குள் மரபணுவே இல்லையா? மரபணு இல்லாத ஒன்று எப்படிப் பெருகும்? ஜே. எஸ். கிரிஃபித் என்ற கணிதர் 1967இல் தாளில் எழுதிப் பார்த்தார்: ஒரு புரதம் தன்னைப் போன்ற இன்னொரு புரதத்தின் உருவத்தை மாற்றினால் போதும். ஸ்டான்லி புருசினர் 1982இல் அதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தார். பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆல்பருக்கு அந்த அளவு புகழ் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நூலில் முதல் படிகம் அமைந்துவிட்டால், பாகில் கரைந்து கிடந்த சர்க்கரை அந்தப் படிகத்தின் ஒழுங்கிலேயே வந்து படியும். பிரியானின் பெருக்கமும் இதைப் போன்றது. பாலூட்டிகளின் நரம்பணுக்கள் எல்லாவற்றிலும் ஒரு புரதம் இயல்பாகவே இருக்கிறது. அது தவறாக மடிந்து அடுக்கடுக்காகக் கோத்துக்கொண்டால், அந்த அடுக்கின் முனையில் அடுத்த புரதம் வந்து தன் பழைய மடிப்பை விட்டு அதே தவறான மடிப்பை ஏற்கிறது. அடுக்கு நீள்கிறது, உடைகிறது, உடைந்த துண்டு புதிய அடுக்கைத் தொடங்குகிறது. வெளியிலிருந்து வருவது தொடக்கத் துண்டு மட்டுமே. பெருகுவது நம்முடைய சொந்தப் புரதம். அதனால்தான் உடல் எதிர்ப்பதில்லை. காய்ச்சல் இல்லை, அழற்சி இல்லை. தன்னுடையதை உடல் எப்படி அந்நியம் என்று அடையாளம் காணும்? 1993இல் சார்லஸ் வைஸ்மானின் குழு இந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கி அவற்றுக்குப் பிரியானைச் செலுத்திப் பார்த்தது. அவற்றுக்கு நோய் வரவில்லை.

இனம் விட்டு இனம் தாவுவதில் உள்ள சிக்கல் இங்கே தொடங்குகிறது. அந்தப் புரதம் எல்லாப் பாலூட்டிகளிலும் இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. சுண்டெலியின் புரதத்தில் 254 அமினோ அமிலங்கள். சிரியா நாட்டு வெள்ளெலியின் புரதம் அதிலிருந்து 16 இடங்களில் மட்டும் வேறுபடுகிறது. அந்த 16 இடங்கள் போதும், வெள்ளெலிக்கேற்ற பிரியானைச் செலுத்தினாலும் சுண்டெலி நோயின்றி வாழ்ந்து முடிக்க. அதே சுண்டெலிக்கு வெள்ளெலியின் புரத மரபணுவைச் சேர்த்துப் புருசினர் குழுவினர் சோதித்தபோது அது நோயுற்றுச் செத்தது. நாயின் புரதத்தில் 159ஆம் இடத்தை ஒட்டி, பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில், ஆஸ்பார்டிக் அமிலமோ குளுட்டாமிக் அமிலமோ இருக்கிறது. நாய் தப்பியதற்கு அந்த ஓரிட மாற்றமே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதைத்தான் ஆய்வாளர்கள் இனத்தடை என்கிறார்கள். இனங்களுக்கு நடுவில் இயற்கை எழுப்பி வைத்த மதில் அது என்று நினைப்பது எளிது. அப்படி ஒரு மதில் இல்லை. வந்து சேரும் பிரியானின் மடிப்பும் அங்கிருக்கும் புரதத்தின் எழுத்து வரிசையும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதே கேள்வி. பொருந்தாவிட்டால் தடை; அரைகுறையாகப் பொருந்தினால் தாமதம். அந்தத் தாமதத்துக்குள் நடப்பது கவலைக்குரியது. ஒரு புதிய இனத்துக்குள் முதல் முறை போகும் பிரியான் நோயை உண்டாக்க நெடுங்காலம் எடுக்கும், சில விலங்குகளில் தோற்றும் போகும். அங்கிருந்து எடுத்து அதே இனத்தின் இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் காலம் குறைகிறது. மூன்றாவது முறை இன்னும் குறைகிறது. அதற்குள் அது அந்த இனத்துக்கு உரியதாகிவிடுகிறது. ஒரே பிரியானுக்குள் பல மடிப்புகள் கலந்திருக்கலாம். புதிய உடல் அவற்றில் தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்து பெருக்குகிறது. அந்தத் தேர்வுக்குப் பிறகு பழைய இனத்தை வைத்துப் போட்ட கணக்கு எதுவும் செல்லாது. மாடு மாட்டைத் தின்ற தீவன ஆலைகள் செய்தது, சோதனைச்சாலையில் எலியிலிருந்து எலிக்குச் செய்ததை ஒரு நாடு முழுவதும் செய்ததுதான்.

மனிதரை நோக்கிய வழி திறந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி மேக்ஸ் சாவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தது. பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைநாட்டில் ஃபோரே மக்களிடையே கூரு என்ற நோய் பரவியிருந்தது. நடுக்கம், தள்ளாட்டம், ஓராண்டுக்குள் சாவு. இறந்த உறவினரின் உடலை உண்டு அவரைத் தங்களோடு இருத்திக்கொள்வது அவர்களுடைய துக்கச் சடங்கு. மூளை பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும். இறந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. இந்தச் சடங்கைக் கொடூரம் என்று எழுதித் தள்ளியவர்கள் பலர். ஃபோரே மக்கள் செய்தது அன்பினால். பிரிட்டனின் ஆலைகள் மாட்டுக்கு மாட்டை ஊட்டியது விலை மலிவு என்பதால். இரண்டில் எது வெட்கத்துக்குரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1959இல் வில்லியம் ஹேட்லோ என்ற அமெரிக்கக் கால்நடை நோயியலாளர் கூருவால் இறந்தவர்களின் மூளைப் படங்களைப் பார்த்துவிட்டு லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். இது ஸ்கிரேபியைப் போலவே இருக்கிறது, நோயுற்ற மூளைத் திசுவைக் குரங்கினங்களுக்குச் செலுத்திப் பல காலம் காத்திருந்து பாருங்கள் என்றார். காஜ்டுசெக், கிப்ஸ், ஆல்பர்ஸ் என்ற ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். ஜார்ஜெட், டெய்சி என்ற சிம்பன்சிகளுக்கு 1963இல் செலுத்தினார்கள். இரண்டாண்டுகள் கழித்து அவை தள்ளாடத் தொடங்கின. 1966இல் முடிவு வெளியானது. ஆக, மனிதரின் நோய் இன்னொரு விலங்குக்குத் தாவும் என்பது 1966இலேயே தெரியும். எதிர்த்திசையிலும் தாவலாம் என்று எண்ணிப் பார்க்கப் பெரிய அறிவு தேவையில்லை.

1988 ஜூலையில் பிரிட்டன் மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு அத்தகைய விலங்குகளின் புரதத்தை ஊட்டத் தடை போட்டது. ஆனால் பன்றிக்கும் கோழிக்கும் அதே தூளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில், காலையில் கோழித் தீவனம், மாலையில் மாட்டுத் தீவனம். ஒரு மில்லிகிராம் நோயுற்ற மூளைத் திசுவை வாய்வழி உட்கொண்ட கன்றுக்கும் நோய் வரலாம் என்று பின்னர் சோதனையில் தெரிந்தது. இயந்திரத்தின் இடுக்கில் ஒட்டியிருக்கும் தூள் அதைவிட அதிகம். தடைக்குப் பின் பிறந்த மாடுகளில் 40,000க்கு மேல் நோயுற்றன. மொத்தத்தில் 1,80,000க்கு மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. அறிகுறி தெரியும் முன்பே அறுக்கப்பட்டு உணவுத் தட்டுக்குப் போனவை அதைப்போலப் பல மடங்கு. 44 லட்சம் மாடுகளைக் கொன்று எரித்தார்கள்.

1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டொரெல் நாடாளுமன்றத்தில் எழுந்து பத்து இளம் நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். முதியவர்களுக்கு வரும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளை நோயின் புதிய வகை இது என்றும், மாட்டின் நோயோடு தொடர்பு இருப்பதே பெரிதும் பொருந்தும் விளக்கம் என்றும் கூறினார். லண்டனில் ஜான் காலிஞ்சும் எடின்பரோவில் மொய்ரா புரூஸும் தனித்தனி வழிகளில் சோதித்தார்கள். மாட்டில் இருந்ததும் பூனையில் இருந்ததும் இந்த நோயாளிகளின் மூளையில் இருந்ததும் ஒரே பிரியான்தான். பிரிட்டனில் 178 பேர் இறந்தார்கள், உலகம் முழுவதும் ஏறத்தாழ 230 பேர். இறப்பின் நடுவயது 28. மனநலம் குலைந்து, கைகால் வலித்து, நடை போய், பேச்சு போய், ஓராண்டுக்குச் சற்று மேல் இழுத்துச் சாவார்கள். பெற்றோர்கள் மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, தாங்கள் சமைத்துப் போட்ட உணவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருப்பார்கள். எண்ணிக்கையைச் சொல்லி, பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தப்பியவர்கள் ஏன் தப்பினார்கள்? மனிதப் புரதத்தின் 129ஆம் இடத்தில் மெத்தியோனின் அல்லது வாலின் என்ற அமினோ அமிலம் இருக்கும். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. பல்லாண்டுகள் வரை, சோதித்துப் பார்த்த நோயாளிகள் எல்லோரும் இரு வழியிலும் மெத்தியோனின் பெற்றவர்களாகவே இருந்தார்கள். 2016இல்தான் இரண்டும் கலந்த ஒருவர் இந்த நோயால் இறந்தது உறுதியானது. தடை என்பது இனத்துக்கும் இனத்துக்கும் நடுவில் மட்டும் இல்லை; ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவிலும் இருக்கிறது. ஒரே உடலுக்குள்ளும் இருக்கிறது. அந்நிய இனத்துப் பிரியான் மூளையில் வேரூன்ற முடியாதபோதும் மண்ணீரலில் பெருகும் என்று 2012இல் மரபணு மாற்றிய எலிகளைக் கொண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறிகுறியே இல்லாமல் வாழ்ந்து முடித்த எலியின் உடலில், இன்னொன்றைக் கொல்லும் அளவுக்குப் பிரியான் இருந்ததைக் காலிஞ்சின் குழு 2000இலேயே கண்டிருந்தது. பிரிட்டனில் அறுவைச் சிகிச்சையில் அகற்றிய 32,441 குடல்வால்களைச் சோதித்தபோது 16இல் தவறாக மடிந்த புரதம் தெரிந்தது, இரண்டாயிரத்துக்கு ஒருவர். மாட்டு நோய்க் காலத்துக்கு வெளியே எடுத்த சில மாதிரிகளிலும் அது தென்பட்டதால் இதன் பொருளைப் பற்றி வழக்கு தீரவில்லை. ஆனால் இரத்தத்தின் வழி பரவியதில் வழக்கில்லை. நலமாக இருந்தபோது இரத்தம் கொடுத்துப் பின்னால் இந்த நோயால் இறந்தவர்களிடமிருந்து இரத்தம் பெற்றவர்களில் மூவர் அதே நோயால் இறந்தார்கள்.

முதல் கண்ணிக்கு, அதாவது ஆட்டிலிருந்து மாட்டுக்கு என்ற கதைக்கு, திரும்புகிறேன். பிலிப்ஸ் பிரபு தலைமையிலான விசாரணை 2000 அக்டோபரில் 16 தொகுதிகளாக அறிக்கை தந்தது. ஸ்கிரேபிதான் மூலம் என்ற கருத்தை அது ஏற்கவில்லை. 1970களில் ஏதோ ஒரு புதிய நிகழ்வு, ஒருவேளை ஒரே ஒரு பசுவில் தோன்றிய மாற்றம், என்றது. 2019இல் டுலூஸ் நகரத்து ஆய்வாளர்கள் கதையை மறுபடி திருப்பினார்கள். நார்வேயில் 1998இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட வேறு வகை ஸ்கிரேபி ஒன்று உண்டு. மாட்டின் புரதம் கொண்ட எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது சிலவற்றில் வெளிவந்தது மாட்டு நோயின் அதே பிரியான். ஆட்டுத் திசுவிலேயே அந்த மடிப்பு மிகச் சிறு அளவில் கலந்திருந்ததற்கும் அடையாளம் இருந்தது. ஆட்டில் அது சிறுபான்மையாக ஒளிந்திருக்கும். மாட்டின் புரதம் கிடைத்ததும் பெரும்பான்மையாகும். ஆட்டின் நோய் மனிதருக்கு வராது என்பது உண்மையாகவே இருந்தாலும், அதனால் மாட்டிறைச்சியைப் பற்றி ஒன்றும் நிரூபணமாகவில்லை.

மூலத்தைத் தேடியவர்கள் ஒருமுறை இந்தியாவையும் தொட்டார்கள். 1960களிலும் 70களிலும் பிரிட்டன் உரத்துக்கும் தீவனத்துக்குமாக எலும்பை இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பெருமளவில் இறக்குமதி செய்தது. கங்கையில் விடப்பட்ட மனித உடல்களின் எலும்பு அதில் கலந்து, மனித நோய் மாட்டுக்குப் போயிருக்கலாம் என்று 2005இல் கோல்செஸ்டர் என்ற பெயர் கொண்ட ஆய்வாளர் இருவர் லான்செட்டில் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தின் சங்கரும் சதீஷ்சந்திராவும் அதே இதழில் பதில் எழுதி, சான்று போதாது என்றும் கவனமாக ஆராய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நிதானமான பதில். இங்கே பத்திரிகைகள் கொதித்ததைவிட அந்தப் பதில்தான் எனக்கு மதிப்பாகத் தோன்றியது.

இப்போது மான்களின் காலம். 1967இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆய்வுப் பட்டியில் கோவேறு மான்கள் உருகி மெலிந்து செத்தன. பத்தாண்டுகள் தீனிக் குறை என்றே நினைத்திருந்தார்கள். பெத் வில்லியம்ஸ் என்ற இளம் கால்நடை மருத்துவர் மூளையைப் பார்த்து, இதுவும் அந்த வகை நோயே என்றார். இன்று அமெரிக்காவின் 30க்கு மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலும் இந்த மெலிவு நோய் இருக்கிறது. கனடாவிலிருந்து வாங்கிய எல்க் மான்களோடு தென்கொரியாவுக்கும் போனது. 2016இல் நார்வேயின் நூர்ட்ஃபியெல்லாவில் காட்டுக் கலைமான் ஒன்றில் தெரிந்தது. அந்த மந்தையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றைச் சுட்டுத் தீர்த்தும் 2020இல் பக்கத்து ஹார்டாங்கர்விடாவில் மறுபடி தலைகாட்டியது. மாட்டு நோயைத் தீவனத்தை நிறுத்தி அடக்க முடிந்தது. மானுக்கு அந்த வழி இல்லை. எச்சில், சிறுநீர், சாணம் மூலமாக அது தானே பரவுகிறது. களிமண்ணில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு இருக்கிறது, புல்லிலும் ஒட்டுகிறது. 2018இல் அல்ஜீரியாவின் வார்க்லா அறுப்புக்கூடத்தில் ஒட்டகங்களிலும் ஒரு பிரியான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மூலம் எது என்று இன்னும் நிறுவப்படவில்லை.

மான் நோய் மனிதருக்கு வந்ததாக உறுதியான ஒரு சான்றும் இல்லை. சோதனைச்சாலையில் அணில் குரங்குகளுக்கு வந்தது. மக்காக் குரங்குகளில் முடிவுகள் முரண்படுகின்றன. இதுவரை வரவில்லை, ஆகவே வராது என்ற பழைய பேச்சு மறுபடி கேட்கிறது. வட அமெரிக்க மான்களில் இருப்பதும் நார்வேயின் கலைமான்களில் இருப்பதும் ஒரே மடிப்பல்ல என்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நாம் சோதித்துப் பார்த்தது இன்றைய பிரியானை. இன்னும் இருபது தலைமுறை மான்களுக்குள் புகுந்து வரும்போது அது இதுவாகவே இருக்குமா என்பதை எந்தக் குரங்குச் சோதனையும் சொல்லாது. கூரு சிலரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து வெளிப்பட்டது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

2021இல் ஐரோப்பிய ஒன்றியம் பன்றிப் புரதத்தைக் கோழிக்கும் கோழிப் புரதத்தைப் பன்றிக்கும் ஊட்ட மீண்டும் அனுமதித்தது. ஓர் இனத்தை அந்த இனத்துக்கே ஊட்டும் தடையும், அசைபோடும் விலங்குகளைப் பற்றிய தடையும் நீடிக்கின்றன. பொருளாதாரத்தின் பெயரால் அந்தத் தடைகளைத் தளர்த்த வேண்டும் என்று நாளை யாராவது கேட்பார்கள். தளர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலையுதிர்கால வேட்டைக்குப் பிறகு உடன் வேலை செய்பவரோ அண்டை வீட்டாரோ அன்போடு மான் இறைச்சி கொண்டுவந்து தந்தால், அது எந்த வட்டாரத்து மான், சோதனைக்குக் கொடுத்தார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முடிவு வரும்வரை சமைக்க வேண்டாம்; நோய் உறுதியானால் உண்ண வேண்டாம். மூளை, முதுகுத்தண்டு, கண், மண்ணீரல் ஆகியவற்றை எப்போதும் தவிர்த்துவிடுங்கள். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பிரியான் அழியாது.